ட்ராப் செத்துப்போச்சா? ஒரு காமர்ஸ் மாணவனின் கணக்கு

ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒருவன் இருக்கிறான். இரண்டு அரியர், காதில் எந்நேரமும் ஹெட்போன். லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டுடியோவின் ட்ரையல் வெர்ஷனை வைத்துக்கொண்டு ராத்திரி எல்லாம் பீட் போட்டுக்கொண்டிருப்பான். ட்ரையலில் ஒரு சிக்கல். செய்ததைச் சேமிக்கலாம், ஆனால் மூடிவிட்டால் மறுபடி அந்த ஃபைலைத் திறந்து வேலையைத் தொடர முடியாது. அதனால் உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். போன மாதம் அப்படி விடியற்காலை நாலு மணி வரை உட்கார்ந்து முடித்த ஒரு பீட்டை இணையத்தில் ஏற்றினான். முதல் நாளே யாரோ ஒரு முகம் தெரியாத ஆசாமி கீழே எழுதியிருந்தார்: "ட்ராப் செத்து ரொம்ப நாளாச்சு தம்பி."

பையன் ஆடிப்போய்விட்டான். "நெஜமாவே முடிஞ்சிருச்சா மச்சி? இன்னமும் இதையே கத்துக்கிட்டிருந்தா வேஸ்ட்டா?" என்று என்னிடம் கேட்டான். என் சங்கீத ஞானம் பூஜ்யம். ஆனால் மார்க்கெட்டிங் பேப்பரில் 'ப்ராடக்ட் லைஃப் சைக்கிள்' என்று ஒரு படம் உண்டு. அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாரும் போட்டுப் பார்க்கும் அதே மலை மாதிரி கோடுதான். அந்தக் கோட்டில் ட்ராப்பை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. இரண்டு வாரம் படித்தேன், கேட்டேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோடு உட்காரவும் :-)

முதலில், ட்ராப் சத்தம் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்கு நாலு அடையாளம் சொல்கிறேன். ஒன்று, அடி வயிற்றில் இறங்கும் பேஸ். அது தனியாக வாசித்த கிட்டார் அல்ல. டிரம்மின் 'கிக்' சத்தத்தையே இழுத்து நீட்டி, சுருதி மாற்றி, அதையே பேஸாக வாசிப்பார்கள். இரண்டு, ஹை-ஹாட். டிரம் செட்டில் ஜால்ரா மாதிரி ஒன்றின் மேல் ஒன்று இருக்கும் இரண்டு தட்டுகள். ட்ராப்பில் இது சாதாரணமாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று தையல் மெஷின் மாதிரி படபடவென்று ஓடும். மூன்று, வேகம். சாஃப்ட்வேரில் நிமிடத்துக்கு 140 தட்டு என்று இருக்கும். ஆனால் ஸ்னேர் அல்லது கைதட்டல் சத்தம் மூன்றாவது தட்டில் மட்டும் விழுவதால் காதுக்கு 70 மாதிரி நிதானமாகக் கேட்கும். மேலே ஜால்ரா ஓடுகிறது, கீழே யானை நடக்கிறது. நான்கு, சோகமான அல்லது பயமுறுத்தும் ஒரு சின்ன மெட்டு. பியானோவோ மணியோ வயலின் கூட்டமோ, நாலு வரி திரும்பத் திரும்ப வரும். நடுவில் நிறைய காலி இடம். அந்த இடம் ராப் பாடுகிறவருக்கு.

கேட்டுப் பழகிய யாரும் மூன்று வினாடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பலமும் அதுதான், பிரச்சினையும் அதுதான்.

தோற்றுப்போன ஒரு பெட்டி

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை விற்பனைக்கு விட்டது. விலை 1,195 டாலர். அதே வருடம் அமெரிக்காவில் லின் எல்எம்-1 என்ற இன்னொரு மெஷின் வந்தது. அது உண்மையான டிரம்மைப் பதிவு செய்து வாசித்தது, விலை சுமார் 5,000 டாலர். 808இல் பதிவு எதுவும் கிடையாது. மின்சுற்றிலிருந்தே சத்தத்தை உண்டாக்கியது. அதனால் டிரம் மாதிரியே இல்லை. கிக் 'பூம்ம்ம்' என்று இழுத்தது, கைதட்டல் காகிதம் கிழிகிற மாதிரி இருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி. அந்த 'உஸ்' சத்தத்துக்காகக் குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பயன்படுத்தினோம் என்று ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி பிற்காலத்தில் சொன்னார். தொழில்நுட்பம் முன்னேறியதும் குறையுள்ள டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனது! 1983இல் உற்பத்தி நின்றது. மொத்தம் செய்தது சுமார் 12,000 பெட்டிகள்.

நம் படத்தின்படி இது சுத்தமான தோல்வி. அறிமுகம் ஆனது, வளர்ச்சி இல்லை, நேராகச் சரிவு. கேஸ் ஸ்டடி எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

ஆனால் பாருங்கள், சரிவில் விலை விழும். செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் அடகுக் கடைகளிலும் 808 அசல் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைத்தது. லின் மெஷினை வாங்க வசதியில்லாதவர்கள் கைக்கு இது போனது. நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' 1982இலேயே இந்தச் சத்தத்தில் வந்திருந்தது. அதே வருடம் மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' வந்தது. பிறகு மயாமியில் இழுத்த கிக்கை வைத்து ஒரு இசையே பிறந்தது, பெயர் மயாமி பேஸ். கார் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறவர்களுக்கான இசை. தெற்கு அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் இந்த அடியைப் பிடித்துக்கொண்டன.

சாம்பிளும் வக்கீல் நோட்டீசும்

எண்பதுகளின் கடைசியில் நியூயார்க் ஹிப் ஹாப் வேறு வழியில் போனது. பழைய சோல், ஃபங்க் ரெக்கார்டுகளிலிருந்து துண்டு எடுத்து ஒட்டிப் பாட்டுச் செய்வது. இதற்கு சாம்பிளிங் என்று பெயர். 1991 டிசம்பரில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர் கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து ஒரு துண்டை அனுமதியில்லாமல் எடுத்தார் என்பது வழக்கு. தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. அதற்குப் பிறகு துண்டு எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும் என்ற நிலை. பெரிய கம்பெனிக்கு அது செலவு. சின்ன ஆளுக்கு அது கதவடைப்பு.

தெற்கில் சின்ன ஆட்கள்தான் அதிகம். அவர்கள் எல்லாம் இதனால்தான் சாம்பிளை விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீபோர்டும் டிரம் மெஷினும் வைத்துச் சொந்தமாகச் செய்தால் யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம். இந்தக் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

மெம்ஃபிஸ் நகரத்தில் டிஜே ஸ்பானிஷ் ஃப்ளை, டிஜே ஸ்கீக்கி மாதிரி ஆட்கள் வீட்டில் கேசட் செய்து விற்றார்கள். டிஜே பால், ஜூசி ஜே, லார்ட் இன்ஃபமஸ் மூவரும் சேர்ந்து த்ரீ 6 மாஃபியா குழுவை ஆரம்பித்தார்கள். 1995இல் 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' ஆல்பம். இன்று கேட்டாலும் ஆச்சரியம்: பேய்ப்படம் மாதிரி மெட்டு, 808 கிக், ஓடுகிற ஹை-ஹாட். அந்தக் குழுவின் லார்ட் இன்ஃபமஸ் மூன்று மூன்றாகச் சொற்களை அடுக்கிப் பாடியதைத்தான் பதினெட்டு வருடம் கழித்து உலகம் 'மிகோஸ் ஸ்டைல்' என்று கொண்டாடியது. ட்ராப்பின் சத்தம் பாதிக்கு மேல் மெம்ஃபிஸில் தயாராகிவிட்டது. பெயர் மட்டும் வரவில்லை. பெயர் அட்லாண்டாவிலிருந்து வந்தது.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம்

ட்ராப் என்றால் பொறி. எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. அட்லாண்டா பேச்சுவழக்கில் போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு 'ட்ராப் ஹவுஸ்' என்று பெயர். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வழியில்லை.

இது வெறும் உவமை அல்ல. 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. தூளாக இருக்கும் கொகெய்ன் 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் என்ன குறைந்தபட்ச தண்டனையோ (ஐந்து வருடம்), அதே தண்டனை கட்டியாக இருக்கும் கிராக் கொகெய்ன் வெறும் 5 கிராமுக்கு. இரண்டும் ஒரே சரக்குதான். தூள் பணக்காரர் வீட்டில், கட்டி ஏழைக் கறுப்பினத்தவர் தெருவில். விகிதம் நூறுக்கு ஒன்று. 2010இல்தான் இதை 18க்கு 1 என்று குறைத்தார்கள். ட்ராப் இசை பெயர் வாங்கிய 2003, 2005 வருடங்களில் நூறுக்கு ஒன்றுதான் நடைமுறை.

அதே காலத்தில் அட்லாண்டாவில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் முதல் அரசுக் குடியிருப்பான டெக்வுட் ஹோம்ஸ் 1936இல் அந்த ஊரில்தான் திறக்கப்பட்டது. 1996 ஒலிம்பிக்ஸுக்காக ஊரை அழகுபடுத்தும்போது அதை இடித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய குடியிருப்புகள் எல்லாம் போயின. ராப்பர் ஷாட்டி லோ வளர்ந்த போவன் ஹோம்ஸ் 2009இல் இடிக்கப்பட்டது. இந்த ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வரும் தெருப் பெயர்களில் சில இன்று வரைபடத்தில் கிடையாது.

இந்தப் பின்னணியில் டி.ஐ.யின் 'ட்ராப் மியூசிக்' 2003 ஆகஸ்டில் வந்தது. பெயரிலேயே சொல்லிவிட்டார். 2005 மே மாதம் குச்சி மேனின் 'ட்ராப் ஹவுஸ்', ஜூலையில் யங் ஜீஸியின் முதல் பெரிய ஆல்பம். பீட் போட்டவர்கள் டிஜே டூம்ப், ஷாட்டி ரெட், ஸேடோவன். இதில் ஸேடோவன் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். முடிவெட்டும் தொழிலும் படித்தவர். குச்சி மேன் பாடும் விஷயத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த மெட்டுகளில் இருக்கும் சோகத்துக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தில் இது அறிமுகக் கட்டம். சரக்கு உள்ளூர், வாங்குபவர் உள்ளூர்.

19 வயதுப் பையன்

வளர்ச்சிக் கட்டத்தை ஆரம்பித்தவர் அட்லாண்டாக்காரர் அல்ல. வர்ஜீனியா மாநிலம் சஃபோக் என்ற ஊரில் 1991இல் பிறந்த லெக்ஸ் லூகர். அவரிடம் ஸ்டுடியோ இல்லை. கம்ப்யூட்டரில் எஃப்.எல். ஸ்டுடியோ இருந்தது, அவ்வளவுதான். (என் ரூம்மேட்டின் அதே சாஃப்ட்வேர். பெல்ஜியம் நாட்டு இமேஜ்-லைன் நிறுவனத்தின் தயாரிப்பு. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்து, 2003இல் பெயர் மாறியது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புது வெர்ஷன் இலவசம்.)

மைஸ்பேஸ் வழியாக வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேம் என்ற ராப்பருக்கு பீட் அனுப்பினார். 2010இல் 'ஹார்ட் இன் டா பெயின்ட்', ரிக் ராஸின் 'பி.எம்.எஃப்.', அடுத்த ஜனவரியில் ஜே-ஸியும் கான்யே வெஸ்ட்டும் சேர்ந்த 'ஹெச்.ஏ.எம்.' எல்லாம் இருபது வயது முடிவதற்குள். போர்க்களத்துக் கொம்பு மாதிரி ஊதும் சிந்தசைஸர், இயந்திரத் துப்பாக்கி ஹை-ஹாட். இதற்குப் பிறகு எல்லாரும் அதையே செய்தார்கள். சிகாகோ பையன்கள் அதை இன்னும் இருட்டாக்கினார்கள், அது 'டிரில்' ஆனது. சீஃப் கீஃபின் 'ஐ டோன்ட் லைக்' 2012.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 808 பெட்டி மலிவானதால் மயாமியும் மெம்ஃபிஸும் உள்ளே வந்தன. சாஃப்ட்வேர் மலிவானதால் சஃபோக் பையன் உள்ளே வந்தான். ஒவ்வொரு முறை கதவு திறந்ததும் விலை இறங்கியபோதுதான்.

உச்சம்

2013 பிப்ரவரியில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்த முதல் வாரமே பாவரின் 'ஹார்லெம் ஷேக்' முதலிடம். அதில் பாட்டே கிடையாது, வெறும் ட்ராப் பீட்டும் குதியாட்டமும்தான். 2014இல் கேட்டி பெரியின் 'டார்க் ஹார்ஸ்' முதலிடம், பாப் பாட்டுக்குள் ட்ராப். 2016இல் 'பாண்டா', 'பிளாக் பீட்டில்ஸ்'. 2017 ஜனவரியில் மிகோஸின் 'பேட் அண்ட் பூஜீ', பீட் மெட்ரோ பூமின். (சிறுவனாக இருந்தபோது செயின்ட் லூயிஸிலிருந்து அவரை அட்லாண்டாவுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் அவருடைய அம்மா. மணிக்கணக்கான பயணம்.) அதே வருடம் கார்டி பியின் 'போடாக் யெல்லோ'. 2017இல்தான் அமெரிக்காவில் ஆர் அண்ட் பி-ஹிப் ஹாப் வகை ராக் இசையை முந்தி முதலிடத்துக்கு வந்தது என்று நீல்சன் கணக்கு சொன்னது. போர்ட்டோ ரிக்கோவில் பேட் பன்னி ஸ்பானிஷில் ட்ராப் பாடி மேலே வந்ததும் இதே காலம்.

2017இல் 2 செயின்ஸ் அட்லாண்டாவில் ஒரு வீட்டுக்குப் பிங்க் பெயின்ட் அடித்து 'ட்ராப்' என்று எழுதி ஆல்பத்துக்கு விளம்பரம் செய்தார். ஜனங்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். அங்கே ஒருநாள் சர்ச் ஆராதனையும் நடந்தது, எச்.ஐ.வி. பரிசோதனையும் நடந்தது. 2018இல் டி.ஐ. ட்ராப் இசைக்கு ஒரு மியூசியமே திறந்தார். ஒரு பொருளுக்கு மியூசியம் வந்துவிட்டால் அது முதிர்ச்சிக் கட்டம் என்று தாராளமாக எழுதலாம், மார்க் கிடைக்கும் :-)

200 டாலரும் 30 டாலரும்

இனிமேல்தான் நம் பாடம். 'பாண்டா'வுக்கு பீட் போட்டவர் இங்கிலாந்தின் மெனஸ். இணையம் வழியாக விற்ற விலை 200 டாலர். 2019இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்த 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டின் பீட் நெதர்லாந்துப் பையன் யங்கியோ செய்தது. லில் நாஸ் எக்ஸ் அதை பீட்ஸ்டார்ஸ் தளத்தில் குத்தகைக்கு எடுத்த விலை 30 டாலர். இருவருக்கும் பாட்டு ஹிட் ஆன பிறகு பெயரும் வேலையும் கிடைத்தது உண்மை. நான் சொல்ல வருவது சந்தை விலையைப் பற்றி. முதலிடம் பிடிக்கப்போகும் சரக்கும் பிடிக்காத சரக்கும் ஒரே விலைக்குப் பக்கத்து பக்கத்துத் தட்டில் கிடந்தன.

முதல் வருட எகனாமிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? நிறைய விற்பவர்கள், ஒரே மாதிரிச் சரக்கு, உள்ளே வரத் தடை இல்லை. இது நிறைவுப் போட்டி. அங்கே விலை செலவை நோக்கி இறங்கும், லாபம் பூஜ்யத்தை நோக்கிப் போகும். யூடியூபில் 'இன்னார் டைப் பீட்' என்று தேடிப் பாருங்கள். மெட்ரோ பூமின் டைப், ஃப்யூச்சர் டைப் என்று கடல் மாதிரி வரும். 'டைப்' என்ற சொல்லே கதையைச் சொல்லிவிடுகிறது. இன்னொருவர் மாதிரி இருப்பதுதான் விற்பனைக் காரணம். மெட்டுத் துண்டுகளும் டிரம் சத்தங்களும் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. நாலு துண்டை அடுக்கினால் பீட் ரெடி.

ட்ராப்பை வளர்த்தது மலிவு என்று மேலே சொன்னேன். அலுக்க வைத்ததும் அதே மலிவுதான். 2010இல் லெக்ஸ் லூகர் ஒருவர் செய்ததைக் கேட்டு அதிர்ந்தோம். ஒரே சத்தத்தைப் பல்லாயிரம் பேர் செய்யும்போது யாரும் அதிர்வதில்லை. இசை மோசமானதால் வந்த அலுப்பு இல்லை இது. எல்லாருக்கும் கிடைத்துவிட்டதால் வந்தது.

சரிவின் அடையாளங்கள்

2022இல் டிரேக் ஹவுஸ் இசை ஆல்பம் போட்டார். அதே வருடம் லில் உஸி வெர்ட்டின் ஹிட் 'ஜஸ்ட் வான்னா ராக்' நியூஜெர்சி கிளப் அடியில் வந்தது. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு 2023 செப்டம்பர் வரை ஹாட் 100இல் ஒரு ராப் பாட்டுகூட முதலிடம் பிடிக்கவில்லை. இடைவெளியை முடித்த டோஜா கேட்டின் பாட்டும் ட்ராப் அல்ல. 2024இன் மிகப் பெரிய ராப் பாட்டான கென்ட்ரிக் லாமாரின் 'நாட் லைக் அஸ்' மஸ்டர்ட் செய்த லாஸ் ஏஞ்சலஸ் சத்தம். 2025 பிப்ரவரியில் அதற்கு ஐந்து கிராமி. 2025 அக்டோபரில் ஒரு வாரம் ஹாட் 100இன் முதல் 40 இடங்களில் ராப் பாட்டே இல்லை. 1990க்குப் பிறகு இதுதான் முதல் முறை. (பழைய பாட்டுகளைச் சீக்கிரம் வெளியேற்றும் புது விதியும் அந்த வாரம் ஒரு காரணம். நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சத்தத்தை விடுங்கள், ஆட்கள்? யங் டால்ஃப் 2021 நவம்பரில் மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். மிகோஸின் டேக்ஆஃப் 2022 நவம்பரில் ஹூஸ்டனில். யங் தக் 2022 மே மாதம் கைதாகி, ஜார்ஜியா மாநிலத்தின் மிக நீண்ட விசாரணைக்குப் பிறகு 2024 அக்டோபர் கடைசி நாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். அந்த வழக்கில் பாட்டு வரிகளையே சாட்சியமாக வைக்க நீதிபதி அனுமதித்தார். 'ட்ராப் செத்துப்போச்சு' என்று நாம் ஜாலியாக எழுதும்போது, அந்த வார்த்தை அங்கே சிலருக்கு உவமை அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். மேலே சொன்ன ஆசாமியிடம் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான்.

அப்போ முடிந்ததா?

இங்கேதான் என் மலைக்கோடு உதவவில்லை. காரணம், அந்தக் கோடு ஒரு பொருளுக்கானது. ட்ராப் என்று நாம் சொல்வது மூன்று பொருள்.

முதலாவது, ட்ராப் ஒரு செய்தி. 2003இல் அட்லாண்டாவின் குறிப்பிட்ட தெருக்களிலிருந்து வந்த செய்தி. அந்தத் தெருக்கள் இடிந்தன, சட்டம் மாறியது, சொன்னவர்களில் சிலர் பணக்காரர் ஆனார்கள், சிலர் இல்லை. இந்த ட்ராப் தன் காலத்தைச் சொல்லி முடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

இரண்டாவது, ட்ராப் ஒரு ஆட்சி. பட்டியலின் தலையில் உட்கார்ந்திருந்த சத்தம். அது 2016 முதல் 2019 வரை உச்சம், இப்போது இறக்கம். இறங்கினாலும் ஒழிந்துவிடவில்லை. 2024 ஏப்ரலில் ஃப்யூச்சர், மெட்ரோ பூமின், கென்ட்ரிக் சேர்ந்த 'லைக் தட்' முதலிடத்தில் அறிமுகமானது. ஆனால் இனி இதுதான் ஒரே சத்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ட்ராப் ஒரு கருவி. இழுத்த கிக், ஓடும் ஹை-ஹாட், காலி இடம். இது முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது. லண்டன் பையன்கள் டிரில்லை எடுத்து, 808ஐ வழுக்கி வழுக்கிச் சுருதி மாற வைத்து, ஸ்னேரை இடம் மாற்றினார்கள். லண்டனின் 808மெலோ யூடியூபில் போட்ட பீட்டுகளை ப்ரூக்ளினின் பாப் ஸ்மோக் கண்டெடுத்தார். 2019இல் 'வெல்கம் டு தி பார்ட்டி'. அட்லாண்டாவின் ப்ளேபாய் கார்ட்டி 2020 டிசம்பரில் 'ஹோல் லாட்டா ரெட்' போட்டபோது பலர் திட்டினார்கள், இன்று அதையே பின்பற்றி ஒரு கூட்டம் இருக்கிறது. கன்ட்ரி பாடகர் மோர்கன் வாலன் பாட்டில்கூட அந்த ஹை-ஹாட் கேட்கிறது. யாரும் அதை ட்ராப் என்று சொல்வதில்லை. ஒரு சத்தம் பெயரை இழந்து பொதுச்சொத்தாவதைச் சாவு என்று சொல்லலாமா?

1983இல் யாராவது ரோலண்ட் கம்பெனி அக்கவுண்டன்ட்டிடம் "808 முடிந்ததா?" என்று கேட்டிருந்தால், "முடிந்தது" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு சரி. உற்பத்தி நின்றுவிட்டதே. அவருடைய கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரே விஷயம், அந்தப் பெட்டி அடகுக் கடையில் யார் கைக்குப் போகிறது என்பது.

ரூம்மேட்டிடம் இதைத்தான் சொன்னேன். "டேய், 2016 மாதிரியே போட்டா நீ நிறைவுப் போட்டியில இருக்க. முப்பது டாலர்கூட வராது. ஆனா இந்தக் கருவியக் கத்துக்கிட்டது வேஸ்ட் இல்ல. மெம்ஃபிஸ்காரன் அவன் ஊர் பயத்தப் போட்டான், ஸேடோவன் அவன் சர்ச்சப் போட்டான், லண்டன்காரன் அவன் வழுக்கலப் போட்டான். நீ என்ன போடப்போற?"

பதில் சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொண்டான். அன்று ராத்திரி நான் தூங்கப் போகும்போது ஹை-ஹாட்டை மொத்தமாக அழித்துவிட்டு என்னவோ செய்துகொண்டிருந்தான். கேட்க நன்றாக இல்லை. ஆனால் எது மாதிரியும் இல்லை.

காமர்ஸ் மாணவன் சங்கீதம் பேசியதில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் திட்டவும். திருத்திக்கொள்கிறேன்.